சுங்கை சிப்புட்டிலிருந்து புத்ராஜெயாவுக்கு: தேர்தலா, மேலவையா?

அண்ணன் மகளுக்கு வயது 24. சட்டம் முடித்து ஈப்போவில் பயிற்சியில் இருக்கிறாள். போன வாரம் ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் கேட்டுவிட்டாள்: “சித்தப்பா, அமைச்சராகணும்னா தேர்தல்ல நிக்கணுமா, செனட்டரானா போதுமா?”

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கேட்க வேண்டிய கேள்விதான். 1959 முதல் எங்கள் தொகுதியில் வென்றவர்கள் நால்வர்: சம்பந்தன், சாமிவேலு, டாக்டர் ஜெயகுமார், கேசவன். முதல் இருவர் அமைச்சர்கள். நால்வரும் ஆண்கள். மலேசிய அளவில் பார்த்தாலும் இந்தியப் பெண் ஒருவர் இன்னும் முழு அமைச்சர் ஆனதில்லை.

சட்டம் இரு வழிக்கும் இடம் கொடுக்கிறது. நாடாளுமன்றத்தின் எந்த அவையில் இருந்தாலும் அமைச்சராகலாம். ஆனால் மக்களவைக்கு 18 வயது போதும், மேலவைக்கு 30 ஆக வேண்டும். மேலவை உறுப்பினரான செனட்டருக்கு ஒரு தவணை மூன்றாண்டு, மொத்தம் இரண்டே தவணை. 70 இடங்களில் 44 நியமனம், 26 மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுப்பவை.

மேலவை வேகமானது. சரஸ்வதி கந்தசாமி 2022 நவம்பரில் தாப்பாவில் சரவணனிடம் தோற்றார், டிசம்பரில் செனட்டராகித் துணையமைச்சர். கொல்லைப்புற வழி என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். தாப்பா மாதிரித் தோட்டப்புறத் தொகுதியில் வேட்பாளராக நின்று, வாசல் வாசலாக ஓட்டுக் கேட்டுத் தோற்றவருக்குக் கிடைத்த பதவி அது. பயம் வேறு இடத்தில்: ஆறாண்டு முடிந்த பிறகு கையில் ஒரு தொகுதியும் இருக்காது.

தேர்தல் வழியில் எல்லாருக்கும் ஒரே வேகம் இல்லை. ஹன்னா இயோ 29 வயதில் சுபாங் ஜெயா சட்டமன்ற உறுப்பினர், 2013இல் சிலாங்கூர் சபாநாயகர், 2018இல் துணையமைச்சர், 2022இல் அமைச்சர். பதினான்கு வருடம். இயோ பீ யின் 2013இல் டாமன்சாரா உத்தாமாவில் தொடங்கி ஐந்தே வருடத்தில், 35 வயதில் அமைச்சர். அவர் சிகாமாட் பக்கம் பத்து ஆனாம்காரர். பிறந்த ஊரில் நிற்காமல் முதலில் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் நின்றதை அவளுக்கு இரண்டு முறை சொன்னேன்.

ஆனால் வென்ற தொகுதியும் நம் பேரில் எழுதிய நிலமில்லை, கிராண்ட் (நிலப் பத்திரம்) கட்சியிடம்தான். டிஏபி கட்சியின் மறைந்த தலைவர்களில் ஒருவரான பட்டுவின் மகள் கஸ்தூரி பத்து காவானில் 2013, 2018 இரண்டிலும் வென்றார். 2018இல் அவருடைய கட்சி ஆட்சிக்கு வந்தும் அமைச்சரவையில் இடமில்லை. 2022இல் அத்தொகுதியில் நின்றவர் பினாங்கு முதல்வர் சௌ கொன் இயாவ்.

அமைச்சரின் அலுவலகத்தில் அதிகாரியாகச் சேர்வது மூன்றாவது வழி. வேலை பழகலாம், அமைச்சர் போனால் நாற்காலியும் போய்விடும்.

என் ஓட்டு, முதல் படியாக மாநிலச் சட்டமன்றத்துக்கு. வைப்புத்தொகை 5,000 ரிங்கிட், நாடாளுமன்றத்துக்கு 10,000. எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் அதுவும் திரும்பாது. 30 வயதுக்குள் ஒரு தேர்தல் பார்த்துவிட்டால், தோற்றாலும் மேலவை பாக்கி இருக்கும். செனட்டராகத் தொடங்க நினைத்தால் ஆறு வருடம் சும்மா காத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கிளைக்கூட்டமாம். எந்தக் கட்சி என்று அவள் சொல்லவில்லை. நான் கூட வரவேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.