நாலு துளையோ, ஒரு வெட்டோ?

மாமிக்குப் பித்தப்பையில் கல். போன மாதம் ஒருநாள் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு வலப்பக்க விலாவுக்குக் கீழே பிடித்த நோ, விடியும்வரை அவரை இருக்கவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை. ஸ்கேனில் கல் தெரிந்தது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் ஒப்பரேஷன் என்றால் லேன் முழுவதும் வைத்தியர்கள்தான். எதிர்வீட்டு ஐயா ஷேர்ட்டைத் தூக்கிக் காட்டினார்: விலாவெலும்புக்குக் கீழே சாய்வாக ஒரு சாண் தழும்பு, எண்பதுகளில் வெட்டியது. மேல்மாடி அன்ரி தனக்கு நாலு புள்ளிதான், அதையும் தேடித்தான் பார்க்கவேண்டும் என்றார். (அவர் காட்டவில்லை.) கடைசியில் மாமி என் பக்கம் திரும்பினார்: "தம்பி, நீங்கள்தானே உதெல்லாம் வாசிக்கிறனீங்கள். நாலு துளையோ, ஒரு வெட்டோ?"

நான் வைத்தியனில்லை, எண்களைப் பார்த்துப் பயப்படாத மருமகன், அவ்வளவுதான். இரண்டு கிழமை ஆய்வுகளைப் புரட்டியதில் ஒன்று விளங்கியது: வயிற்றுக்குள் எந்த உறுப்பு என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. பித்தப்பைக்குச் சரியானதை மலக்குடலுக்கும் சரி என்று சொல்ல முடியாது.

பித்தப்பையில் தொடங்கலாம். உள்ளே நடக்கும் வேலை இரண்டு முறையிலும் ஒன்றுதான்: பையிலிருந்து வரும் குழாயையும் அதற்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியையும் அடைத்து வெட்டி, பையை ஈரலிலிருந்து உரித்து எடுப்பது. வாசல்தான் வேறு. திறந்து செய்தால் தசையை வெட்டிக்கொண்டு போகவேண்டும். கீஹோல் என்றால் தொப்புளடியில் ஒரு துளை போட்டு, காபனீரொக்சைட்டால் வயிற்றைப் பலூன் மாதிரி ஊதி, கமராவை விட்டு, மற்றத் துளைகளால் ஆயுதங்களைச் செலுத்தி, திரையைப் பார்த்துச் செய்வார்கள். ஜெர்மனியில் எரிக் மியூஹே என்ற வைத்தியர் 1985 செப்டம்பர் 12ஆம் திகதி முதன்முதலில் பித்தப்பையை இப்படி எடுத்தபோது அவருடைய நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர்களே சிரித்தார்கள். பத்து வருடத்துக்குள் உலகம் முழுக்க அதுவே வழமையாகிவிட்டது.

நீள வெட்டோடு ஒப்பிட்டால் துளை முறை வெல்வதில் சந்தேகமில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் அலசலில் ஆஸ்பத்திரியில் இருக்கும் காலம் ஏறத்தாழ 3 நாளும், பழைய நிலைக்குத் திரும்பும் காலம் ஏறத்தாழ 3 கிழமையும் குறைந்தன. எதிர்வீட்டு ஐயாவுக்கு இதைச் சொன்னேன். "எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே" என்றார். சரி.

ஆனால் இடையில் மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறார்: சின்ன வெட்டு. ஒரு சாண் வேண்டாம், பையை எடுக்கப் போதுமான அளவு மட்டும் திறப்பது. இதைத் துளை முறையோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1996இல் 'லான்செட்' இதழில் வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 200 பேர். அதை நடத்தியவர்கள் ஒரு கெட்டிக்கார வேலை செய்தார்கள். ஒப்பரேஷன் முடிந்ததும் எல்லோருடைய வயிற்றிலும் ஒரே மாதிரிக் கட்டுப் போட்டுவிட்டார்கள். யாருக்குத் துளை, யாருக்கு வெட்டு என்று வார்ட்டில் பராமரித்தவர்களுக்கே தெரியாது. முடிவு? இரு பக்கமும் 3 இரவுகள்தான் ஆஸ்பத்திரியில் தங்கினார்கள். வேலைக்குத் திரும்பத் துளைக்காரருக்கு 5 கிழமை, வெட்டுக்காரருக்கு 4. ஒப்பரேஷனுக்கு எடுத்த நேரமும் சின்ன வெட்டில்தான் குறைவு: 40 நிமிடம், மற்றதில் 65.

அந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். நாலு புள்ளி என்று தெரிந்தால் "எழும்பி நடவுங்கோ அம்மா" என்கிறோம். நீளக் கட்டைக் கண்டால் "கொஞ்சம் படுங்கோ" என்கிறோம். சுகமாவதில் எவ்வளவு துளையால் வந்தது, எவ்வளவு எங்கள் வாயால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? சின்ன வெட்டும் துளையும் ஏறத்தாழச் சமம் என்றுதான் பிறகு வந்த கொக்ரேன் அலசலும் சொன்னது. அப்படியிருந்தும் சின்ன வெட்டு பரவவில்லை. திரையில் பார்த்துப் பழகிய தலைமுறைக்கு அதைச் செய்த கைப்பழக்கம் குறைவு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். கமராவும் வாயுவும் எப்போதும் கையில் இல்லாத சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு அது நல்ல வழி என்பதே என் எண்ணம்.

துளை முறைக்கு ஒரு கறையும் உண்டு. பித்தப்பைக் குழாய் என்று நினைத்து ஈரலிலிருந்து வரும் பிரதான பித்தக்குழாயை வெட்டிவிடும் விபத்து, திறந்த காலத்தில் ஆயிரத்துக்கு ஒன்று இரண்டு என்று சொல்வார்கள். துளைக் காலத்தில் அது ஆயிரத்துக்கு மூன்று முதல் ஐந்து வரை ஏறியது. இதற்காகத்தான் 1995இல் அமெரிக்காவின் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் ஒரு விதியை வைத்தார்: பைக்குள் போவது இரண்டே இரண்டு குழல் என்று முழுதாகத் துப்புரவாக்கிக் கண்ணால் காணும்வரை எதையும் வெட்டாதே. வீக்கத்தில் அது தெரியவில்லை என்றால் திறந்துவிடுவதே புத்தி. "கமராவில் முடியாமல் வெட்டிப் போட்டார்கள்" என்று எங்கள் சனம் குறையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அநேகமாக அது நல்ல வைத்தியரின் அடையாளம்.

குடல்வளரிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. துளையில் காயம் சீழ்ப்பிடிப்பது குறைவு, நோவும் குறைவு. வெட்டினாலும் சின்ன வெட்டுத்தான் என்பதால் இடைவெளி பெரிதில்லை. இரவு இரண்டு மணிக்கு யார் கடமையில் இருக்கிறாரோ அவருக்கு எது கைவந்ததோ அதைச் செய்யட்டும்.

பெருங்குடல் புற்றுநோயில் கேள்வியே வேறு. அங்கே தழும்பை யார் பார்க்கிறார்? நோய் திரும்பி வருமா என்பதுதான் கவலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் துளை போட்ட இடத்திலேயே புற்று முளைத்ததாகச் செய்திகள் வந்து, பலர் இந்த முறையையே கைவிட்டார்கள். அமெரிக்காவில் 48 ஆஸ்பத்திரிகளில் 872 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2004இல் வந்த பிறகுதான் பயம் தணிந்தது. 3 வருடத்தில் நோய் திரும்பியது துளையில் 16 சதவீதம், வெட்டில் 18. உயிரோடிருந்தவர்கள் 86க்கு 85. ஒப்பரேஷன் காயத்தில் புற்று வந்தது இரு பக்கமும் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் மட்டும் 5க்கு 6. ஒரு நாள்தான் மிச்சம்!

எனக்கு அதைவிடப் பிடித்த எண் பிரித்தானியாவின் கிளாசிக் ஆய்வில் இருக்கிறது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளர் 794 பேர். துளையில் தொடங்கி இடையில் வெட்டுக்கு மாறியது முதல் வருடத்தில் 38 சதவீதம், ஆறாம் வருடத்தில் 16. துளையும் அதே துளை, கமராவும் அதே கமரா, மாறியது கை. இடையில் மாறியவர்களுக்குச் சிக்கல்களும் கூடுதலாக வந்தன.

மலக்குடலில் விடயம் இன்னும் இறுக்கம். இடுப்பெலும்புக் கூட்டுக்குள், ஒரு சின்னக் குடுவைக்குள் கைவிட்டு வேலை செய்வது மாதிரி. 2015இல் மட்டும் மூன்று பெரிய ஆய்வுகள் வந்தன. ஐரோப்பாவின் கலர் 2 ஆய்வு, 3 வருடத்தில் அதே இடத்தில் நோய் திரும்பியது இரு பக்கமும் 5 சதவீதம் என்றது. அமெரிக்க ஆய்விலோ கட்டி துப்புரவாக வெளியே வந்தது துளையில் 81.7 சதவீதம், வெட்டில் 86.9, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆய்வில் 82க்கு 89. துளை முறை குறைந்ததல்ல என்று இந்த இரண்டாலும் நிரூபிக்க முடியவில்லை. அமெரிக்க நோயாளர்களை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தபோது நோய் திரும்புவதில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. என்றாலும் என் வீட்டில் ஒருவருக்கு மலக்குடலில் கட்டி என்றால், துளையா வெட்டா என்று கேட்கமுன் அந்த வைத்தியர் மலக்குடலைத்தான் கிழமைக்குக் கிழமை செய்பவரா என்று பார்ப்பேன்.

இந்த இடத்துக்குத்தான் ரோபோ வந்தது. பெயரைக் கேட்டு மாமி பயந்தார்; இயந்திரம் தானாக எதையும் வெட்டாது, வைத்தியர் பக்கத்தில் இருந்து கைபிடியால் ஆட்டுவார் என்றதும்தான் மூச்சு வந்தது. 2017இல் வந்த ரோலார் ஆய்வில் 471 பேர்: வெட்டுக்கு மாறியது ரோபோவில் 8.1 சதவீதம், சாதாரணத் துளையில் 12.2, தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம். செலவோ ரோபோவுக்குக் கூட. அதன்பிறகு சீனாவில் 1,200க்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வில் 3 வருடத்தில் அதே இடத்தில் நோய் திரும்பியது ரோபோவில் 1.6 சதவீதம், சாதாரணத் துளையில் 4. இது யோசிக்க வைக்கும் எண்தான். ஆனால் அங்கே செய்தவர்கள் ரோபோவிலேயே கைதேர்ந்தவர்கள். பித்தப்பைக்கு ரோபோ கேட்பது, சந்திக் கடைக்குப் பாண் வாங்க விமானத்தில் போவது.

துளைக்கு ஐயமில்லாத வெற்றி என்றால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஒப்பரேஷனைச் சொல்வேன். நெஞ்சைத் திறந்தால் இருமவே முடியாது, சளி கட்டும். 2012இல் வந்த ஒரு ஐரோப்பிய ஆய்வில் 115 பேரில், முதல் இரண்டு கிழமையில் நுரையீரல் தொற்று வந்தது திறந்தவர்களுக்கு 29 சதவீதம், துளைக்காரருக்கு 9.

இவ்வளவையும் மாமிக்குச் சொல்லவில்லை. வைத்தியரிடம் கேட்க இரண்டு கேள்விகளை மட்டும் துண்டில் எழுதிக் கொடுத்தேன்: இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அதில் எத்தனை தரம் வெட்டுக்கு மாறினீர்கள்? வைத்தியரைப் பார்க்க நேரம் பதிந்து, சனல் பண்ணி, மூன்று மணித்தியாலம் காத்திருந்து உள்ளே போனதும் மாமி துண்டை அப்படியே வைத்தியரிடம் நீட்டிவிட்டார். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். தேவைப்பட்டால் திறப்பேன், அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து என்றார்.

நாலு துளைதான். அடுத்த நாளே வீடு. மூன்றாம் நாள் மாமி வலத் தோளைப் பிடித்துக்கொண்டு இருந்தார். "வயித்திலதானே துளை போட்டவை, தோள் ஏன் நோகுது?" ஊதிய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டை உறுத்தினால் நோவு தோளில்தான் தெரியும், இரண்டொரு நாளில் போய்விடும் என்றேன். எதிர்வீட்டு ஐயா அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு சின்னப் போத்தலோடு திரும்பி வந்தார். எண்பதுகளில் எடுத்த கற்கள். மாமியும் தன் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்.

அந்த ஒப்பீட்டில் ஐயாதான் வென்றார்.