ஜி.சி.எம்.எஸ். கருவியின் வெற்றிடம்: சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

ஜி.சி.எம்.எஸ். என்பது கலவையை ஆவியாக்கிப் பிரித்து, ஒவ்வொரு பொருளையும் அதன் நிறையால் அடையாளம் காணும் ஆய்வுக் கருவி. அதை வாங்கும்போது எல்லோரும் அதன் உணர்திறனைத்தான் விசாரிக்கிறார்கள். மேசைக்கு அடியில் இரவும் பகலும் ஓடும் பம்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு சொல்கிறேன்: கருவி தரும் தொல்லைகளில் பாதி வெற்றிடத்தில்தான் தொடங்குகிறது.

எங்களுடையது வழக்கமான அமைப்பு. எண்ணெய் ரோட்டரி பம்பு முதலில் காற்றை இழுக்கும். அதன் துணையோடு டர்போ பம்பு நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் சுற்றுகள் சுழன்று, மாதிரியைச் சுமந்து செல்லும் ஹீலியம் வாயு ஓடும்போதே அழுத்தத்தை 10⁻⁵ டார் (அழுத்த அலகு) அளவுக்குக் கொண்டுபோகும். டர்போ மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. என் குறை மென்பொருளின் பச்சை விளக்கு மீதுதான். அழுத்தமும் டர்போ வேகமும் ஒரு வரம்பைத் தாண்டாதவரை அது பச்சையாகவே இருக்கும். நிலைமை நாளுக்கு நாள் மெல்லச் சரிவதை அது சொல்லாது.

அதனால் கருவிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். காலையில் அழுத்தம், டர்போவின் மின்னோட்டம், மாதிரி இல்லாதபோதும் தெரியும் பின்னணியில் நிறை எண் 18 (நீர்), 28 (நைட்ரஜன்), 32 (ஆக்சிஜன்) ஆகியவற்றின் உயரம், இவ்வளவுதான் எழுதுவது. அடுப்பு வெப்பநிலையும் ஹீலியம் ஓட்டமும் தினமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. அழுத்தமானியான அயன் கேஜ் காட்டும் எண்ணை உண்மையான அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நைட்ரஜனுக்கு அளவுதிருத்தம் செய்யப்பட்டது. ஹீலியம் எளிதில் அயனியாகாது என்பதால் உண்மை அழுத்தம் காட்டுவதைவிட ஐந்தாறு மடங்கு கூடுதலாக இருக்கும். நேற்றைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது நம்பகமானது. சில மாடல்களில் இந்தக் கேஜுக்குத் தனி விலை கேட்கிறார்கள். தயங்காமல் வாங்கிவிடுங்கள்.

நோட்டின் பயன் ஒருநாள் தெரிந்தது. அழுத்தம் லேசாகத்தான் ஏறியிருந்தது, விளக்கும் பச்சைதான். ஆனால் 28 உயர்ந்திருந்தது. 32 அதில் ஏறக்குறைய கால் பங்கு. அது காற்றின் விகிதம், ஆகவே கசிவு. 18 மட்டும் உயர்ந்திருந்தால் ஈரம் என்று காத்திருந்திருப்போம். திரையில் ஆர்கானின் நிறை எண் 40-ஐ ஓடவிட்டு, மெல்லிய குழாய் வழியாக ஆர்கானை ஒவ்வொரு இணைப்பின் மீதும் லேசாக விட்டோம். கதவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒன்றுமில்லை. பொருள்களைப் பிரிக்கும் மெல்லிய குழாயான காலம் (column) வந்து சேரும் நட்டின் அருகே ஆர்கான் குழாயைக் கொண்டுபோனதும் கோடு எழும்பியது. குழாயை விலக்கியதும் இறங்கியது. நட்டுக்குள் கசிவை அடைக்கும் சிறு வளையமான, வெஸ்பெல் பிளாஸ்டிக் கலந்த கிராஃபைட் ஃபெரூல் சூடாகி ஆறும்போது சுருங்கும், நட்டு தளரும். ஸ்பேனரால் ஒரு சிறு திருப்பு, 28 இறங்கத் தொடங்கியது. புதுக் காலம் (column) போட்டால் சில முறை சூடேறி ஆறிய பிறகு நட்டை மறுபடி இறுக்குவது இப்போது எங்கள் வழக்கம்.

கருவியைத் திறந்து மூடினால் பொறுமை வேண்டும். முதலில் அழுத்தம் வேகமாக விழும், பிறகு நகரவே மறுக்கும். சுவர்களில் ஒட்டிய நீர் மெதுவாகத்தான் விடுபடும். உடனே ட்யூன் (கருவியின் அமைப்புகளைச் சரிசெய்தல்) செய்து பார்த்துப் பதறுவது வீண். இரவு முழுக்க ஓடவிடுங்கள். மூடும் முன் ஓ-ரிங்கைப் பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். குறுக்கே ஒரு தலைமுடி கிடந்தாலே காற்று உள்ளே புகுந்துவிடும்.

ரோட்டரி பம்புதான் அதிகம் கவனிப்புக் கேட்கிறது. எண்ணெய் தேன் நிறத்தில் இருக்கும்வரை நிம்மதி, கறுத்தால் மாற்றிவிடுங்கள். அவ்வப்போது பம்புக்குள் கொஞ்சம் காற்றை விடும் கேஸ் பேலஸ்ட் வால்வைச் சிறிது நேரம் திறந்துவைத்தால் எண்ணெயில் கரைந்த நீராவியும் கரைப்பானும் வெளியேறும். அப்போது சத்தம் மாறும், எண்ணெய்ப் புகையும் கூடும். ஆகவே வெளியேற்றக் குழாயை வடிகட்டி வழியாகப் புகைக்கூண்டுக்குக் கொண்டுபோவது கட்டாயம்.

அடுத்த கருவிக்கு எண்ணெயில்லா ஸ்க்ரோல் பம்பு கேட்பதாக இருக்கிறேன். அதிலும் முனைச் சீல் தேய்ந்து தூளாகும், குறித்த காலத்தில் மாற்ற வேண்டும், விலையும் கூடுதல். ஆனாலும் எண்ணெய் மாற்றும் வேலையும் அந்த வாடையும் இல்லாமல் போகுமே.