கதவு வரை ஃபைபர், கம்ப்யூட்டர் வரை நாம்தான்

சென்னையில் வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு வாங்குவது இப்போது ஒரு வேலையே இல்லை. அந்த இணைப்பை வீட்டிலிருக்கும் பழைய டெஸ்க்டாப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. டிசம்பரில் மெல்போர்னிலிருந்து மேற்கு மாம்பலத்துக்குப் போயிருந்தபோது இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். ஊரில் அப்பா அம்மா இன்னமும் சிபியு, மானிட்டர், ஒயர் சகிதம் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்லாதீர்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்குப் பெரிய திரை வேண்டும், அழுத்தினால் சத்தம் வரும் கீபோர்டு வேண்டும். எங்கள் ஃபிளாட் அசோசியேஷன் கணக்கு முழுக்க அந்த மெஷினில்தான் இருக்கிறது. மெயின்டனன்ஸ் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை, தண்ணி லாரிக்கு எவ்வளவு, மோட்டார் காயில் கட்ட எவ்வளவு எல்லாம் எக்ஸெலில். போதாக்குறைக்கு மார்கழி. சபாவுக்குப் போய் உட்கார முழங்கால் ஒத்துழைக்காததால், நேரலைக் கச்சேரிகளைப் பெரிய திரையில் பார்க்க ஆசை.

முன்பிருந்தது செம்புக் கம்பி லேண்ட்லைன் இணைப்பு. ஐப்பசி மழை பிடித்ததும் போனில் கொரகொர என்று சத்தம் வரும், நெட் கோவிந்தா. அதைச் சரண்டர் செய்துவிட்டு ஃபைபருக்கு மாறுவது என்று முடிவு. என் பெயரில் எடுக்க முடியவில்லை. என்னைப் போல ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர்களுக்கு, கடந்த 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருந்தால்தான் ஆதார். எனவே அப்பா பெயர், அப்பா ஆதார், அப்பா போனுக்கு ஓடிபி. ஒரு விதத்தில் அதுவே நல்லது. பதிவு செய்த நம்பர் ஊரில் இருப்பவருடையதாக இருந்தால்தான் பின்னால் புகார் கொடுக்க முடியும். நம் வெளிநாட்டு நம்பரைக் கண்டால் கஸ்டமர் கேர் குழம்பிவிடுகிறது.

விலையைக் கேட்டால் வயிற்றெரிச்சல்தான். 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் (நொடிக்கு 30 மெகாபிட்) வேகம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக மாதம் 471 ரூபாய். மெல்போர்னில் என் வீட்டுக்குத் தெருமுனைப் பெட்டி வரைதான் ஃபைபர், அங்கிருந்து வாசல் வரை பழைய செம்புக் கம்பி. 2013-இல் ஆட்சி மாறியதும் வீட்டுக்கு வீடு ஃபைபர் என்ற திட்டத்தைச் செலவைக் காட்டிச் சுருக்கியதன் பலன் அது. அதற்கு மாதம் 80 டாலருக்கு மேல் கட்டுகிறேன். இந்தியாவில் 2 எம்பிபிஎஸ் வந்தாலே அதிகாரபூர்வமாக பிராட்பேண்ட் என்பதும், 2023 வரை 512 கேபிபிஎஸ் வந்தாலே போதும் என்றிருந்ததும் வேறு கதை. தெருவில் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு. இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு 30 தாராளம். ஹெச்டி வீடியோவுக்கு ஐந்து எம்பிபிஎஸ் போதும். நானும் அங்கிருந்து வேலை பார்க்க வேண்டியிருந்ததால் 100-க்குப் போனோம்.

மறுநாளே ஆள் வந்துவிட்டார். இருபத்தைந்து வயதிருக்கும், தோளில் ஒரு வளையம் கறுப்பு ஒயர், இடுப்பில் பை. எங்கள் பக்கம் கரண்ட் ஒயரெல்லாம் பூமிக்கு அடியில் போகிறது. அதனால் ஃபைபர்காரர்களுக்குத் தெருவிளக்குக் கம்பமும் மொட்டை மாடியும்தான் கதி. எதிர் பில்டிங் மாடியிலிருந்து எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு ஒயரைத் தாண்டவிட்டு, அங்கிருந்து மூன்றாம் மாடி சன்ஷேடைத் தொட்டுக்கொண்டு எங்கள் இரண்டாம் மாடி ஜன்னலுக்குள் இறக்கினார்.

அதன் பிறகு அவர் செய்த வேலையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒயரின் கறுப்புத் தோலை உரித்தால் உள்ளே 125 மைக்ரான் தடிமனில் ஒரு கண்ணாடி இழை. அதன் மேல்பூச்சைச் சுரண்டி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தார். துடைக்கும்போது கீச் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வந்தால்தான் சுத்தம் என்றார். இழையின் நுனியை ஒரு சின்னக் கருவியில் வைத்து நறுக்கி, இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைஸிங் மெஷினின் இரண்டு பக்கமும் வைத்து மூடினார். மெஷினின் குட்டித் திரையில் இரண்டு தடித்த கோடுகள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து, நேராகி, ஒரு பொறி. அவ்வளவுதான், ஒட்டிவிட்டது. ஒட்டிய இடத்துக்கு ஒரு ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டினார். பிறகு ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரில் சொருகிப் பார்த்தார்: மைனஸ் 19 டிபிஎம். மைனஸுக்குப் பின்னுள்ள எண் கூடக் கூட ஒளி மங்கல்.

"இருபத்தஞ்சைத் தாண்டினா அடிக்கடி கட் ஆகும் மேடம். இது சூப்பர்."

இந்த எண்ணை நீங்களும் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைக்கும் ரௌட்டர் பெட்டிகள் பெரும்பாலும் மைனஸ் 27 வரைதான் தாங்கும். பின்னால் ஒரு நாள் நெட் தடுமாறினால், "நீங்கள் போட்டபோது 19, இப்போது எவ்வளவு?" என்று கேட்டால் போதும், எதிர்முனையில் பேச்சின் தொனியே மாறும். பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பில் மின்னினால் ஒயரில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். அதற்கு ரௌட்டரை ஆஃப் செய்து ஆன் செய்து பயனில்லை, ஆள்தான் வர வேண்டும். இதை அப்பாவுக்கும் காட்டிவிட்டு வந்தேன்.

பெட்டியை டிவிக்குப் பின்னால் தரையோரம் வைக்கப் பார்த்தார், ஷெல்ஃபின் மேல் வைக்கச் சொன்னேன். என் போனில் நெட் வந்தது. அம்மா போனிலும் வந்தது. உடனே, "ஓடிபி வந்திருக்கும், சொன்னீங்கன்னா டிக்கெட்டைக் க்ளோஸ் பண்ணிடறேன்."

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்த ஓடிபியைச் சொல்லிவிட்டால் கம்பெனியின் கணக்கில் வேலை முடிந்தது. கம்ப்யூட்டரிலும் வர வேண்டுமே என்றேன். "சிஸ்டம் எங்க ஸ்கோப்ல வராது மேடம்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அடுத்த வீட்டுக்கு ஏற்கனவே நேரமாகிவிட்டது. கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். மொழிக்கு ஒன்று, புகாருக்கு மூன்று என்று அமுக்கி அமுக்கிக் கடைசியில் கிடைத்த பெண்மணி, ரௌட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார். அவருக்கு எழுதிக் கொடுத்திருப்பது அவ்வளவுதான் போலிருக்கிறது. சரி என்று நானும் அந்தத் தம்பியுமாகச் சிபியுவை ஹாலுக்குத் தூக்கி வந்தோம். பெட்டியோடு வந்த குட்டை மஞ்சள் லேன் ஒயரைச் சொருகியதும் 94 எம்பிபிஎஸ் காட்டியது. மெஷின் பழசு, அதன் லேன் போர்ட்டே 100-க்குத்தான். அதற்கு 94 என்பது முழு மதிப்பெண். கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு ஓடிபியைச் சொன்னேன்.

மிச்சமிருந்தது ஹாலுக்கும் பின்னறைக்கும் இடையிலுள்ள முப்பதடி. ஒயர் இழுப்பதுதான் சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நகராத பொருளுக்கு வைஃபை எதற்கு? ஆனால் சுவருக்குள் இருக்கும் பைப்பில் கேபிள் டிவி ஒயரும் பழைய போன் ஒயரும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. வெளியில் கேசிங் அடிக்கலாம் என்றால், பொங்கலுக்காக அப்போதுதான் பெயிண்ட் அடித்திருந்தார்கள். "சுவத்துல கை வைக்காதே" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். பெரும்பாலான பழைய டெஸ்க்டாப்களில் வைஃபையே கிடையாது. தனியாக யுஎஸ்பி டாங்கிள் (யுஎஸ்பி போர்ட்டில் சொருகி வைஃபையைப் பிடிக்கும் குட்டிக் கருவி) வேண்டும், அல்லது சிபியுவைத் திறந்து உள்ளே கார்டு போட வேண்டும்.

மாம்பலத்திலிருந்து எழும்பூர் வரை மின்சார ரயில், அங்கிருந்து ஆட்டோ, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட். ஆன்லைனில் வாங்கியிருக்கலாம்தான். ஆனால் ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் கேட்கும் கேள்வியை எந்த ஆப்பும் கேட்காது. என்ன விண்டோஸ், நடுவில் எத்தனை சுவர், சிபியு மேஜை மேலா கீழா என்று கேட்டார். விண்டோஸ் 10, இரண்டு ஒன்பதங்குலச் சுவர், மேஜைக்குக் கீழே. நகம் அளவிலிருந்த மலிவு டாங்கிளை நான் எடுக்க, கையிலிருந்து வாங்கித் திரும்பக் கூடையில் போட்டார்.

"இது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் எடுக்கும். உங்க ஏரியாவுல ஃபிளாட்டுக்கு ஒரு ரௌட்டர், எல்லாம் அதே 2.4. ஆன்டெனா வச்ச, 5-உம் எடுக்கற டூயல் பேண்ட் போங்க. கூட ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர்."

ஆயிரத்துச் சொச்சம் ஆயிற்று. ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாரன்டிக்கு அதுதான் ஆதாரம். அந்த எக்ஸ்டென்ஷன் ஒயர் எதற்கு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. டாங்கிளைச் சிபியுவின் பின்பக்கம் சொருகினால், தகரப் பெட்டியும் சுவரும் சேர்ந்து சிக்னலை விழுங்குகின்றன. பக்கத்திலேயே நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் எதையாவது மாட்டியிருந்தால் இன்னும் மோசம். யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சலைக் கிளப்பும் என்று 2012-லேயே இன்டெல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பின்னால் சொருகியபோது பத்துப் பன்னிரண்டு எம்பிபிஎஸ். ஒயரைப் போட்டு டாங்கிளை மேஜை மேல், மானிட்டருக்குப் பக்கத்தில், கதவைப் பார்க்க நிறுத்தி, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அறுபது வந்து நின்றது. இன்னும் தள்ளியிருக்கும் அறை என்றால் 5 எட்டாது, 2.4-ஐத்தான் நம்ப வேண்டும். அப்போது ரௌட்டர் செட்டிங்கில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், சும்மா ஆட்டோவில் விடாமல்.

இதற்கு முன் ஒரு வேடிக்கை இருக்கிறது. டாங்கிளைச் சொருகியதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். டிரைவர் (டாங்கிளை இயக்கும் மென்பொருள்) இல்லை, நெட்டிலிருந்து இறக்கு என்கிறது. நெட்டுக்காகத்தானே உன்னைச் சொருகினோம்? வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் ஒயரால் கம்ப்யூட்டரில் மாட்டி, யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால், போனின் நெட் அப்படியே கம்ப்யூட்டருக்கு வந்துவிடும், போன் வைஃபையில் இருந்தாலும்கூட. அதை வைத்து டிரைவரை இறக்கினேன். ஒயரைப் பிடுங்கியதும் வலது கீழ் மூலையில் வைஃபை வளைவுகள், பட்டியலில் அக்கம்பக்கத்து வீட்டுப் பெயர்கள் எல்லாம். நம்முடையதைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்டு போட்டால் முடிந்தது.

விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் கைகழுவிவிட்டது. இந்த மெஷின் 11-க்குத் தகுதியில்லை. பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் ஓராண்டு நீட்டித்துக்கொள்ளும் வசதியில் சேர்த்து வைத்திருக்கிறேன், 2026 அக்டோபருக்குள் புது மெஷின்.

இன்னொன்று கரண்ட். டிவி இருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. கரண்ட் போனால் ஃபேன் சுற்றும், நெட் செத்துவிடும். ரௌட்டர் அடாப்டரின் மேல் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து (எங்களுடையது 12 வோல்ட்) அதற்கேற்ற மினி யுபிஎஸ் ஒன்றை அதே கடைக்காரரிடம் போன் செய்து வரவழைத்தேன். உள்ளங்கை அளவுதான், ஆனால் எங்கள் தெருவில் கரண்ட் போகும் நேரத்துக்குத் தாங்குகிறது.

பணம் கட்டுவது இனி என் வேலை. 2023 ஜனவரியில் என்பிசிஐ (யுபிஐயை நடத்தும் நிறுவனம்) பத்து நாட்டு நம்பர்களுக்கு யுபிஐயைத் திறந்துவிட்டது, ஆஸ்திரேலியாவும் அதில் உண்டு. என்ஆர்ஓ கணக்கோடு (வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான இந்திய வங்கிக் கணக்கு) என் மெல்போர்ன் நம்பரை இணைத்து அங்கிருந்தே கட்டிவிடுகிறேன். அப்பாவின் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஆப்பும் போட்டிருக்கிறேன். நான் வீடியோ காலில் முகம் காட்டாமல் அதை யார் திறக்கச் சொன்னாலும் போனை வைத்துவிட வேண்டும் என்று சொல்லி, சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணை மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டியாயிற்று.

ஒரே குறை, மூன்றாம் மாடி சன்ஷேடில் ஒயர் தொங்குகிறது. கிளிப் அடித்துத் தரச் சொல்லி நான் கொடுத்த புகாரைக் கம்பெனி ஆப் அன்று மாலையே "தீர்க்கப்பட்டது" என்று காட்டிவிட்டது. ஐந்து நட்சத்திரம் கேட்டு எஸ்எம்எஸ்ஸும் வந்தது. ஒயர் போட்ட தம்பியின் பெயருக்கு ஐந்தும், கம்பெனிக்கு இரண்டும் போட்டிருக்கிறேன். மாடிக்காரர் தினமும் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.