கம்மின்ஸ், பவர்ஸ்ட்ரோக், டியூராமேக்ஸ்: நான் ஏன் ஆறு சிலிண்டர் பக்கம் சாய்ந்தேன்

கடைசியில் வாங்கியது ஒரு பழைய ராம் 2500 டீசல் பிக்கப். 2016 மாடல், 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜின். கேம்பர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு மலைப்பாதை ஏற வேண்டும், வண்டி பத்து வருடமாவது என்னிடம் இருக்க வேண்டும். தேவை அவ்வளவுதான். ஃபோர்டின் டீசல் இன்ஜினான பவர்ஸ்ட்ரோக்கையும் ஜிஎம்மின் டியூராமேக்ஸையும் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவெடுத்தேன் என்றாலும், வாங்கியவன் எழுதும் அலசல் இது. நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

பலத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. காகிதத்தில் ஃபோர்டுதான் முன்னால். 2023இல் வந்த ஹை அவுட்புட் 6.7 பவர்ஸ்ட்ரோக் 500 குதிரைத்திறன், 1,200 பவுண்டு-அடி டார்க் (முறுக்கு விசை). 2024 டியூராமேக்ஸ் 470, 975. 2025 கம்மின்ஸ் 430, 1,075. என் வண்டி அதற்கும் கீழே, 370, 800. ஆனால் 1989இல் டாட்ஜ் பிக்கப்பில் (இன்றைய ராமின் முன்னோடி) முதலில் வந்த 5.9 கம்மின்ஸ் வெறும் 160 குதிரைத்திறன், 400 பவுண்டு-அடி. அதை வைத்தே ஆட்கள் மாட்டு டிரெய்லர் இழுத்திருக்கிறார்கள். என் கேம்பருக்கு இந்த மூன்றில் எதுவானாலும் போதும். டிரெய்லர் இல்லாமல் ஓட்டினால் டியூராமேக்ஸ்தான் சுகம். சத்தம் குறைவு, மிதித்ததும் பாய்கிறது. கம்மின்ஸ் அதன் பக்கத்தில் லாரி மாதிரிக் கடகடக்கும்.

அந்தக் கடகடப்புக்கும் உழைப்புக்கும் வேர் ஒன்றுதான். கம்மின்ஸில் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை, மற்ற இரண்டும் வி8, அதாவது எட்டு சிலிண்டர் வி வடிவில் இரண்டு வரிசை. 6.7 கம்மின்ஸில் பிஸ்டன் 124 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது. பவர்ஸ்ட்ரோக்கில் 108, டியூராமேக்ஸில் 99. நீண்ட ஸ்ட்ரோக் என்பதால் குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைத்துவிடும், இன்ஜினை விரட்ட வேண்டியதில்லை. பிஸ்டன்கள் சுற்றிவிடும் கிராங்க் ஷாஃப்டை ஏழு மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன. வி8இல் எட்டு சிலிண்டருக்கு ஐந்துதான். கேம் ஷாஃப்டைச் சுற்றுவது செயினோ பெல்ட்டோ இல்லை, நேரடிப் பல்சக்கரம்.

இதெல்லாம் இருந்தும் என்னை முடிவெடுக்க வைத்தது வேறு ஒரு பொருள்: டீசலை அழுத்தித் தள்ளும் ஹை பிரஷர் பம்ப். பழைய டீசல் பிக்கப் பார்க்கிறவர்கள் மைலேஜ் மீட்டருக்கு முன்னால் இதைத்தான் விசாரிக்க வேண்டும் என்பேன்.

பாஷ் நிறுவனத்தின் சிபி3 என்ற பம்ப் மூன்று பிஸ்டன் கொண்டது, முரட்டுச் சரக்கு. அதற்கடுத்து வந்த சிபி4 இரண்டே பிஸ்டன், இன்னும் கூடுதல் அழுத்தம். அதற்குள் உருளும் ரோலருக்கு டீசலைத் தவிர வேறு மசகு கிடையாது. அமெரிக்காவில் 2006 முதல் டீசலில் கந்தகத்தை 15 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 15 பங்கு) குறைத்தார்கள். கந்தகத்தை நீக்கும் அதே வேலையில் டீசலின் வழவழப்பும் போய்விடுகிறது, சேர்மானம் போட்டுத்தான் ஈடுகட்டுகிறார்கள். தேய்மானச் சோதனையில் விழும் வடு ஐரோப்பாவில் 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. அமெரிக்கத் தரத்தில் 520 வரை சரி. அந்த மெலிந்த டீசலில் சிபி4இன் ரோலர் கோணிக்கொண்டு, தான் உருளும் கேமைச் சுரண்ட ஆரம்பித்தால், இரும்புத் தூள் பம்ப்போடு நிற்காது. இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துக் கொடுக்கும் ரெயில் என்ற குழாய், எட்டு இன்ஜெக்டர், திரும்பும் குழாய், டேங்க் வரை போகும். பம்ப்பை மட்டும் மாற்றினால் அந்தத் தூளே புதுப் பம்ப்பையும் தின்னும். மொத்த எரிபொருள் அமைப்பையும் மாற்ற வேண்டும், பில் பத்தாயிரம் டாலரைத் தொட்டுவிடலாம். பம்ப் உட்கார்ந்திருப்பதும் வி வடிவத்தின் நடுப் பள்ளத்தில். எட்டுவதற்கே பாதி இன்ஜினைப் பிரிக்க வேண்டும்.

2011 முதலான பவர்ஸ்ட்ரோக்கிலும் 2011 முதல் 2016 வரையான, எல்எம்எல் என்று குறிக்கப்படும் டியூராமேக்ஸிலும் இருப்பது சிபி4. அந்த டியூராமேக்ஸில் டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிவிட லிஃப்ட் பம்ப்கூடக் கிடையாது, சிபி4தான் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். கம்மின்ஸில் 2018 வரை சிபி3தான். அப்புறம் 2019, 2020 வண்டிகளில் சிபி4 போட்டுப் பார்த்து, 2021இல் திரும்ப அழைத்து மறுபடி சிபி3ஐயே மாட்டிக் கொடுத்தார்கள். எனக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியிருக்கவில்லை.

ஃபோர்டின் பழைய கதையும் மனதில் இருந்தது. 1994 முதல் 2003 வரை வந்த 7.3 பவர்ஸ்ட்ரோக் நல்ல பெயர் எடுத்தது. அடுத்து வந்த 6.0 லிட்டருக்கு ஹெட் கேஸ்கெட், திரும்பும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர், ஆயில் கூலர் என்று வரிசையாகத் தொல்லை. பெரிய வேலை என்றால் கேபினையே சேசிஸிலிருந்து தூக்கிவிடுவார்கள் மெக்கானிக்குகள். 2011இல் ஃபோர்டே செய்த 6.7 அதைவிட எவ்வளவோ தேவலை, ஆனால் பானட்டுக்குள் கை நுழைய இடமில்லாத விஷயம் மாறவில்லை. கம்மின்ஸில் இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. ஃபில்டர், பெல்ட், தெர்மோஸ்டாட் எல்லாம் என் வீட்டு வாசலிலேயே முடிகிற வேலை.

கம்மின்ஸ் உத்தமன் என்று சொல்ல வரவில்லை. குளிரில் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டரின் போல்ட் தேய்ந்து அறுந்து சிலிண்டருக்குள் விழும் ஆபத்து 6.7க்கு உண்டு. விழுந்தால் இன்ஜின் காலி. வாங்கிய முதல் வாரமே கழற்றிப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது, பிறகுதான் தூக்கம் வந்தது. 2025இல் ஹீட்டரையே எடுத்துவிட்டு, சிலிண்டருக்குள்ளேயே சூடாக்கும் குளோ பிளக் வைத்திருக்கிறார்கள். பிக்கப்போடு வரும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இன்ஜின் அளவுக்கு முரடு இல்லை. டியூராமேக்ஸோடு வரும் அலிசன் கியர்பாக்ஸ் அந்த விஷயத்தில் பல படி மேல். புகை விவகாரமும் இருக்கிறது: 2013 முதல் 2019 வரையான ராம் வண்டிகளில் உமிழ்வுக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததாக எழுந்த வழக்கில், 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட 2023 டிசம்பரில் கம்மின்ஸ் ஒப்புக்கொண்டது. என் வண்டியின் ஆண்டும் அதற்குள் வருகிறது.

என் அனுபவம் இரண்டு வருடம், சுமார் 22,000 மைல், அதில் பாதி டிரெய்லரோடு. மூன்று லட்சம் மைல் ஓடுமா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. 2019 முதலான கம்மின்ஸில் பிளாக்கும் வால்வு லிஃப்டரும் மாறிவிட்டன, அவற்றை நான் ஓட்டியதே இல்லை. 2017 முதல் வரும் எல்5பி என்ற டியூராமேக்ஸில் சிபி4 இல்லை, டென்சோ நிறுவனத்தின் பம்ப், டேங்கில் லிஃப்ட் பம்ப்பும் உண்டு. பட்ஜெட்டில் இன்னும் எட்டாயிரம் டாலர் இருந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேனோ என்னவோ. இப்போதைக்கு 15,000 மைலுக்கு ஒருமுறை இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றுகிறேன், எண்ணெய் மாற்றும்போதெல்லாம் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடுகிறேன். சிபி3 என்பதற்காக அதை நான் விட்டதில்லை.