கேஸ் ஏற்றுவதா, கசிவைத் தேடுவதா, கம்ப்ரஸரையே மாற்றுவதா?

கார் ஏசியின் கம்ப்ரஸர் சில நொடிகள் ஓடி, 'டக்' என்று கட் ஆகி, மறுபடியும் சேர்ந்துகொண்டால், பெரும்பாலும் முதலில் சொல்லப்படும் வைத்தியம் கேஸ் ஏற்றிப் பார்ப்பதுதான். உள்ளே இருக்கும் கேஸை முழுவதும் எடுத்து எடை பார்த்து, கசிவை அடைத்த பிறகே நிரப்புவது இன்னொரு வழி. கம்ப்ரஸரை எஞ்சின் ஓட்டத்தோடு சேர்த்தும் விலக்கியும் விடும் காந்தக் கிளட்ச்சையோ, கம்ப்ரஸரையோ மாற்றிவிடுவது மூன்றாவது. என் வாக்கு பெரும்பாலும் இரண்டாவது வழிக்கே என்றாலும், மற்ற இரண்டுக்கும் உரிய தருணங்கள் உண்டு.

கட் ஆவதெல்லாம் பழுதல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கூலிங் காயிலில் பனி பிடிக்காமல் இருக்க, அது உறைநிலையை நெருங்கும்போது கிளட்ச் விலகும்படியே பல வண்டிகள் வடிவமைக்கப்பட்டுள்ளன. பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்134ஏ என்ற கேஸ் 0 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்போது அழுத்தம் அளக்கும் கேஜ் ஏறத்தாழ 28 பிஎஸ்ஐ காட்டும். எக்ஸ்பான்ஷன் வால்வுக்குப் பதில் குறுகிய துளையுள்ள ஆரிஃபிஸ் குழாய் கொண்ட ஏசிகளில், தாழ்பக்க (அழுத்தம் குறைந்த பக்கத்து) சுவிட்ச் 25 பிஎஸ்ஐ அளவில் துண்டித்து, 45 பிஎஸ்ஐ அளவில் மீண்டும் இணைப்பது அதனால்தான். ஆகவே இதமான வானிலையில், புளோயர் குறைந்த வேகத்தில் இருக்கும்போது அடிக்கடி கட் ஆவது இயல்பே. கடும் வெயிலில் புளோயர் முழு வேகத்தில் ஓடியும் சில நொடிகளுக்கு ஒருமுறை கட் ஆகி, காற்றும் குளிராமல் வந்தால்தான் பழுதைத் தேட வேண்டும்.

மூன்று வழிகளில் எதைத் தொடுவதற்கு முன்பும், கம்ப்ரஸர் கிளட்ச்சுக்குப் போகும் ஒயரில் ஒரு டெஸ்ட் லேம்ப்பை மாட்டிப் பார்ப்பது நல்லது. கிளட்ச் விலகும் கணத்தில் விளக்கும் அணைந்தால், சுவிட்ச், சென்சார், ரிலே ஆகியவற்றில் ஏதோ ஒன்று மின்சாரத்தைத் துண்டிக்கிறது. கம்ப்ரஸர் மேல் பெரும்பாலும் குற்றமில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருக்கக் கிளட்ச் மட்டும் விலகினால், கிளட்ச் பிளேட் தேய்ந்து, அதற்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடியிருக்கலாம். இந்த இடைவெளி பொதுவாக 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது கூடிவிட்டால், குளிர்ந்த எஞ்சினில் ஒழுங்காகப் பிடிக்கும் கிளட்ச், அதன் காந்தக் கம்பிச்சுருள் சூடேறிக் காந்த இழுப்பு குறைந்ததும் விட்டுவிடும். சில மாடல்களில் உள்ளே இருக்கும் ஷிம் என்ற மெல்லிய இடைத்தகடு ஒன்றை எடுத்தாலே சரியாகிவிடும். இதற்காக முழுக் கம்ப்ரஸரை மாற்றுவது வீண்செலவு. உள்ளே உலோகத் துகள் தென்படும்போதோ, கம்ப்ரஸர் ஓடியும் இரு பக்க அழுத்தங்களுக்கும் வேறுபாடே எழாதபோதோ மாற்றுவது நியாயம்.

விளக்கும் சேர்ந்து அணைகிறது என்றால் கேஸ் குறைவு மீது சந்தேகம் விழுவது சரிதான். கேஸ் குறைந்தால் தாழ்பக்க அழுத்தம் சட்டென்று சரிந்து சுவிட்ச் துண்டிக்கும்; ஓட்டம் நின்றதும் அழுத்தம் ஏறி மறுபடி இணைக்கும். சிக்கல் என்னவென்றால், எவ்வளவு குறைவு என்பதைக் கேஜ் சொல்லாது. 30 டிகிரி வெப்பத்தில் ஓடாமல் நிற்கும் ஆர்134ஏ ஏசியில், கொஞ்சமேனும் திரவம் மிஞ்சியிருக்கும்வரை கேஜ் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐயே காட்டும். பாதி அளவு இருந்தாலும் அதே எண், முழு அளவு இருந்தாலும் அதே எண். ஊகத்தில் ஏற்றிய கேஸ் அளவுக்கு மிஞ்சினால் உயர்பக்க அழுத்தம் எகிறி, இப்போது உயர் அழுத்தப் பாதுகாப்பு கம்ப்ரஸரைத் துண்டிக்கத் தொடங்கும். பழைய பழுது போய்ப் புதியது வந்திருக்கும், வெளியே கேட்கும் 'டக்' மட்டும் மாறியிருக்காது. கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் ஃபேன் ஓடாவிட்டாலும் இதே அறிகுறிதான். நெடுஞ்சாலையில் நன்றாகக் குளிர்ந்து சிக்னலில் நின்றதும் கட் ஆகும் வண்டியில், கேஸைத் தொடாமல் முதலில் ஃபேனையும் கண்டென்சரில் படிந்த அழுக்கையும் பார்க்க வேண்டும்.

கேஸை எடுத்து எடை பார்ப்பதன் மதிப்பு இங்கேதான். பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அளவு கிராம் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். வெளியே வந்த எடை அதைவிட நன்றாகக் குறைந்திருந்தால் கசிவுக்கு அதைவிடச் சான்று தேவையில்லை. குழாய் இணைப்புகளிலும், கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் பக்கத்திலும், கல் பட்ட கண்டென்சரிலும் எண்ணெய்ப் பசையோடு தூசி அப்பியிருக்கிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும், ஏனெனில் கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்தே கசிகிறது. பம்ப்பால் உள்ளிருப்பதை உறிஞ்சி வெற்றிடம் (வேக்கம்) ஆக்கிய பிறகு அது குறையாமல் நிலைத்தது, ஆகவே கசிவில்லை என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்பதில்லை. வேக்கத்தில் வெளியிலிருந்து அழுத்துவது ஒரு வளிமண்டல அழுத்தம் மட்டுமே. ஓடும் ஏசியில் உயர்பக்கம் உள்ளிருந்து அழுத்துவதோ அதைப்போல் பல மடங்கு. நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவுவதும், யுவி சாயம் விட்டுச் சில நாள் ஓட்டிப் பார்ப்பதும் இதைவிட நம்பகமானவை. இருந்தாலும் வேக்கத்தைத் தவிர்க்க முடியாது. உள்ளே தங்கிய ஈரத்தை அதுதான் வெளியேற்றுகிறது. சற்று நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு தாழ்பக்கம் வேக்கம் வரை இறங்கி, வண்டியை நிறுத்தி வைத்தால் தானே சரியாகும் ஏசியில், கூலிங் காயிலுக்குள் கேஸை விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஈரம் உறைந்து அடைத்துக்கொள்கிறது என்று கருதலாம்.

கசிவை அடைப்பதாகச் சொல்லி விற்கப்படும் திரவ டப்பாக்களை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. பின்னால் கேஸ் எடுக்கும் இயந்திரத்தையும் அவை பாழாக்கக்கூடும். பிரஷர் சுவிட்ச்சை ஒயர் போட்டு இணைத்துக் கம்ப்ரஸரை விடாமல் ஓட்டும் 'வைத்தியம்' அதைவிட மோசமானது: எண்ணெயைச் சுமந்து வருவதே அந்தக் கேஸ்தான் என்பதால், கேஸ் குறைந்த நிலையில் விடாமல் ஓடும் கம்ப்ரஸர் எண்ணெயின்றித் தேய்ந்து, கடைசியில் மூன்றாவது வழியைக் கட்டாயமாக்கிவிடும்.