மெயில் வருகிறது, போகவில்லை: 587-ஆ, 465-ஆ?

மண்டபத்தில் நண்டு எடுக்கும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பில்லெல்லாம் தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராம் வழியாகத்தான் தூத்துக்குடிக்குப் போகும். போன வாரம் மெயில் ஒழுங்காக வந்தது, அனுப்பினால் மட்டும் சுற்றிக்கொண்டே நின்றது. வருவதற்கு ஐமேப், போவதற்கு எஸ்எம்டிபி, இரண்டுக்கும் செட்டிங் தனித்தனி. அதனால் 'வருதே, அப்ப எல்லாம் சரிதானே' என்று நினைத்துவிடாதீர்கள்.

எஸ்எம்டிபி செட்டிங்கில் போர்ட் என்று ஒரு எண் கேட்கும், சர்வருக்குள் எந்த வாசல் வழியாகப் போவது என்பதற்கு. அதில் 25-ஐ விட்டுவிடுங்கள். அது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்வதற்கு, ஸ்பேம் பயத்தில் பல இணைய நிறுவனங்கள் அதை அடைத்தே வைத்திருக்கின்றன. போட்டி 587-க்கும் 465-க்கும்தான். 587 சாதாரணமாகப் பேச ஆரம்பித்து நடுவில் (வழியில் யாரும் படிக்க முடியாதபடி) பூட்டிக்கொள்ளும், அதற்குப் பாதுகாப்பு செட்டிங்கில் ஸ்டார்ட்டிஎல்எஸ் வைக்கணும். 465 முதல் எழுத்திலிருந்தே பூட்டோடு போகும், அதற்கு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். நான் 465 போட்டுவிட்டு ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸை மாற்றாமல் விட்டிருந்தேன், நாள் பூரா போனது அதில்தான்! சர்வர் இரண்டையும் ஏற்குமென்றால் என் ஓட்டு 465-க்கு. 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணமும் முதலிலிருந்தே பூட்டுகிற முறையைத்தான் பரிந்துரைக்கிறது.

சரியாகப் போட்டும் நேரம் கடந்துவிட்டது என்றே வந்தால், போன் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். அதில் போனால் குற்றம் ஆபீஸ் லைனிலோ ரவுட்டரிலோ. சர்வரின் அடையாளச் சான்றிதழ் சரியில்லை என்று வந்தால் கம்ப்யூட்டர் தேதியைப் பாருங்கள், மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னே ஓடிவிடும்.

பாஸ்வேர்டு ஏற்கவில்லை என்று வந்தால் போர்ட்டைத் தொடவே வேண்டாம், சர்வர் வரை போய்த்தான் திரும்பியிருக்கிறது. ஜிமெயிலில் இதற்கு இரண்டு வழி: ஓஆத்2 (கூகுளின் லாகின் ஜன்னலில் நுழைந்து அனுமதி தருவது), அல்லது 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு (ஒரு புரோகிராமுக்கென்று தனியாக எடுப்பது). ஆப் பாஸ்வேர்டு கிடைக்க இருபடிச் சரிபார்ப்பு ஆன் செய்திருக்கணும். பழைய புரோகிராம் என்றால் அதுதான் கதி. ஆனால் முதலாளி திடீரென்று கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டு செத்துவிடும், புதிதாக எடுத்து ஒட்டும்வரை வேலை நிற்கும். ஓஆத்2-வும் அப்போது அறுந்துதான் போகும், ஆனால் லாகின் ஜன்னலைத் தானே திறந்து கேட்கும். எனக்கு அதுவே போதும். தண்டர்பேர்டில் குக்கீயை மட்டும் அணைத்து வைக்காதீர்கள், அந்த ஜன்னல் வேலை செய்யாது.

அப்புறம் நண்டுப் பெட்டிப் படங்கள். ஜிமெயிலில் இணைப்புக்கு எல்லை 25 எம்பி. அதற்கு மேல் போனால் கூகுள் டிரைவ் லிங்க்தான்.