மேட்டு நிரைக்குக் கித்தா சப்பாத்தா, முழங்கால் பூட்ஸா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணங்களில் சப்பாத்துக் கடை வாசலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். ஒன்று முழங்கால் வரை வரும் பிவிசி பூட்ஸ். மற்றது ‘அடிடாஸ் கம்போங்’ என்று பெயர் வாங்கிய கறுப்புக் கித்தா (ரப்பர்) சப்பாத்து. பெயரில் மட்டும்தான் அடிடாஸ், அந்த நிறுவனத்தின் சரக்கு இல்லை. விலையிலும் எடையிலும் சப்பாத்துதான் முந்தி நிற்கிறது, அதை நீட்ட வேண்டியதில்லை. மேட்டு நிரையில், அதாவது மேட்டில் நிற்கும் ரப்பர் மர வரிசையில், பால் வெட்டுகிறவருக்கு நாம் வாங்கச் சொல்வதும் அதையே. 4,095 மீட்டர் கினபாலு மலையில் சுமை தூக்குபவர்களும் அதைப் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறார்கள்.

கித்தா சப்பாத்தின் அடியில் கால்பந்து பூட்ஸ் மாதிரி குமிழ்கள் இருக்கும். ஈரமண்ணில் அவை புதைந்து பிடிக்கும், இடைவெளி அகலமாக இருப்பதால் சேறும் உதிர்ந்துவிடும். பூட்ஸின் நெருக்கமான வரிகளில் செம்மண் அப்பிவிட்டால் அடி வழவழவென்று ஆகிவிடும். ஈர சிமெண்டிலும் பாசிக்கல்லிலும் மட்டும் குமிழை நம்பாதீர்கள்.

புதுசைச் சமதளத்தில் போட்டுப் பார்ப்பதோடு விடக்கூடாது. இரண்டிலும் இழுத்துக் கட்டக் கயிறு இல்லை, அளவுதான் பிடிமானம். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில், வேலைக்குப் போடும் நீளக் காலுறையோடு போட்டுப் பாருங்கள். விரல்களை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு சரிவில் பத்தடி இறங்குங்கள். பெருவிரல் நுனி முட்டினால் ஓர் அளவு பெரிதாக எடுங்கள், இல்லாவிட்டால் நகம் கறுத்துப்போகும். ஏறும்போது குதிகால் கழன்றால் அளவு பெரிது. தோல் சப்பாத்து மாதிரி இது போகப்போக இளகிக் கொடுக்காது.

முடிவைத் தீர்மானிப்பது ஈரம். அக்டோபர், நவம்பர் மழையில் எதைப் போட்டாலும் உள்ளே தண்ணீர் புகும். பூட்ஸுக்குள் மேல்வாய் வழியாக இறங்கும், வியர்வையும் வெளியேறாது. உள்ளே ஒட்டியிருக்கும் துணி அத்தனையையும் குடித்துக்கொள்ளும், ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வைத்தாலும் விரல் பக்கம் காயாது. மறுநாள் அதே ஈரத்தில் காலை விட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும், பூஞ்சை போவதற்குள் நாளாகும். கித்தா சப்பாத்தில் துணியே இல்லை. கவிழ்த்துத் தட்டி, பழந்துணியால் துடைத்தால் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும், மாற்ற வேண்டியது காலுறை மட்டும். பூட்ஸ்தான் என்றால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, ஊறியதும் மாற்றுங்கள். வெயிலிலோ அடுப்போரமோ வைத்தால் கித்தா வெடிக்கும், பிவிசி விறைக்கும்.

ஆனால் களைக்கொல்லி அடிப்பவருக்குப் பூட்ஸ்தான், அதில் பேச்சே இல்லை. காற்சட்டையை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் வழியும் மருந்து நேரே பாதத்துக்குப் போய்விடும். செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுகிறவருக்கு இரும்பு முனை வைத்த பாதுகாப்பு பூட்ஸ் வேண்டும், விழும் குலையை இந்த இரண்டும் தாங்காது. பாம்புப் பயம் உள்ள பள்ளத்திலும் முழங்கால் உயரம் நல்லது.

எது எத்தனை மாதம் உழைக்கும் என்பது சரக்கையும் நடக்கும் தூரத்தையும் பொறுத்தது, அறுதியாகச் சொல்ல முடியாது. விரல் மடங்கும் இடத்தை வாரம் ஒருமுறை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். கித்தா என்றால் உப்புத்தாளால் உரசி, சைக்கிள் ட்யூப் பசை தடவி, அது காய்ந்ததும் ஒட்டுப் போடலாம். பிவிசியில் அந்தப் பசை பிடிக்காது.